போர் தண்ணீரில் ஃபுளோரைடு: பாக்டீரியா பவுடர் ஊற்றினால் போகுமா?

பாலக்கோட்டான் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பாலக்கோடு பக்கம் ஒரு சின்ன கிராமம். தக்காளியும் கொஞ்சம் தென்னையும் வைத்திருக்கிறோம். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் ஒரே போர்தான் (ஆழ்துளைக் கிணறு), 600 அடி. போன மாதம் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்ததில் ஃபுளோரைடு லிட்டருக்கு 3.2 மில்லிகிராம் என்று வந்திருக்கிறது, 1 வரைதான் நல்லதாம். ஒகேனக்கல் தண்ணீர் தெருக்குழாய்க்கு வருகிறது, ஆனால் தினமும் கிடையாது. வராத நாளில் குடிக்கவும் சமைக்கவும் போர் தண்ணீர்தான்.

நேற்று ஒருத்தர் பைக்கில் வந்து ஒரு பவுடர் காட்டினார். நாலாயிரத்து ஐநூறு ரூபாய். வெல்லக் கரைசலில் ஒரு ராத்திரி ஊறவைத்து போருக்குள் ஊற்றினால், அதில் இருக்கும் பாக்டீரியா ஃபுளோரைடைத் தின்றுவிடுமாம், ஆறு மாசத்துக்குக் கவலை இல்லையாம். பக்கெட் தண்ணீரில் கொஞ்சம் போட்டுக் கலக்கி, அரை மணி நேரம் கழித்து ஒரு சொட்டு மருந்து விட்டுக் காட்டினார். போடுவதற்கு முன் மஞ்சளாக இருந்த நிறம் பிறகு இளஞ்சிவப்பாக வந்தது. எங்கள் தெருவில் நாலு பேர் உடனே பணம் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

பெரியவளுக்குப் பல்லில் மஞ்சள் வரி விழுந்துவிட்டது. சின்னவனுக்கு நாலு வயசு. அதனால்தான் கேட்கிறேன். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சும்மா_வந்தவன் எழுதியது:

நடக்கக்கூடியதுதானே அண்ணா? அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு பாக்டீரியா ஃபுளோரின் ரசாயனத்தையே உடைக்கிறது என்று 2019ல் செய்தி வந்ததே. நான்ஸ்டிக் தவா சமாச்சாரம். அதையே உடைக்குதுன்னா இது என்ன பெரிய விஷயம்?

நீர்க்குமிழி எழுதியது:

அது வேறு, இது வேறு. முதலில் அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன்.

பிரின்ஸ்டனில் பார்த்தது ஆசிடிமைக்ரோபியம் என்ற பாக்டீரியா. அது கையாண்டது கார்பனோடு ஃபுளோரின் பிணைந்திருக்கும் செயற்கை ரசாயனங்களை. அந்தப் பிணைப்பை உடைத்தால் என்ன வெளியே வரும் தெரியுமா? ஃபுளோரைடுதான். அவர்களுக்கு எது முடிவோ அதுதான் பாலக்கோட்டாருக்குத் தொடக்கம்.

போர் தண்ணீரில் இருப்பது ஃபுளோரைடு அயனி. ஃபுளோரின் ஒரு தனிமம். சாக்கடைக் கழிவை பாக்டீரியா தின்று கார்பன் டை ஆக்சைடாக மாற்றுகிறதே, அந்த மாதிரி இதை வேறொன்றாக மாற்றவே முடியாது. எந்த உயிருக்கும் இது சாப்பாடும் இல்லை. ஒன்று, எதன் மேலாவது ஒட்டவைத்துப் பிரிக்க வேண்டும். இல்லையென்றால் கரையாத உப்பாக்கிக் கீழே படியவைக்க வேண்டும். "தின்றுவிடும்" என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடலாம்.

இன்னொரு வேடிக்கை. ஃபுளோரைடு பாக்டீரியாவுக்கே விஷம். சர்க்கரையை எரிக்கும் எனோலேஸ் என்ற நொதியை அது முடக்கிவிடும். பற்பசையில் சேர்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அதனால் பாக்டீரியாக்கள் பல கோடி வருஷமாக ஃபுளோரைடை வெளியே தள்ளத்தான் பழகியிருக்கின்றன. உள்ளே ஃபுளோரைடு ஏறினால் உணரும் ஆர்என்ஏ சுவிட்ச் ஒன்றை 2012ல் யேல் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் பிரேக்கர் குழு கண்டுபிடித்தது. அந்த சுவிட்ச் திறந்துவிடும் மரபணுக்களில் ஒன்று, ஃபுளோரைடை மட்டும் வெளியேற்றும் வாய்க்கால் புரதத்தைச் செய்கிறது. ஆக, ஃபுளோரைடைத் தாங்கும் பாக்டீரியா என்றால் பெரும்பாலும் அதை வாசலுக்கு வெளியே துரத்தும் பாக்டீரியா என்று அர்த்தம். தாங்குவது வேறு, பிடித்து வைப்பது வேறு.

அப்புறம் அந்த பக்கெட் வித்தை. பாலக்கோட்டாரே, ஒன்று சொல்லுங்கள். கலக்கிவிட்டு வைத்த பிறகு அடியில் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஏதாவது படிந்ததா?

பாலக்கோட்டான் எழுதியது:

ஆமாம் சார்! அவர் மேல்தண்ணீரைத்தான் டம்ளரில் எடுத்துச் சொட்டு விட்டார். அடியில் படிந்ததைக் காட்டி, "பாருங்க, ஃபுளோரைடு செத்துக் கிடக்குது" என்றார்.

நீர்க்குமிழி எழுதியது:

அது படிகாரமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். காய்ந்த பவுடரில் இருக்கும் பாக்டீரியா அரை மணி நேரத்தில் விழித்துக்கொண்டு ஒரு பக்கெட்டைச் சுத்தம் செய்யாது. படிகாரம் செய்யும்.

படிகாரம் தண்ணீரில் விழுந்ததும் அலுமினியம் ஹைட்ராக்சைடு திரள்களாகி, போகிற வழியில் ஃபுளோரைடையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு படியும். இது புதிய விஷயமே இல்லை. நாக்பூரில் இருக்கும் நீரி என்ற சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிறுவனம் 1970களில் இதைத்தான் நல்கொண்டா முறை என்று கொடுத்தது: படிகாரம், சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர்.

அந்தச் சொட்டு மருந்தையும் அப்படியே நம்பாதீர்கள். அது சிர்கோனியம் சாயம். ஃபுளோரைடு இல்லாத தண்ணீரில் சிவப்பாக நிற்கும், ஃபுளோரைடு ஏற ஏற மஞ்சளாக வெளுக்கும். தண்ணீரில் அலுமினியம் கரைந்திருந்தால் அது ஃபுளோரைடைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். சாயத்துக்கு அந்த ஃபுளோரைடு கண்ணில் படாது. நிறம் குறைவாகக் காட்டும், ஃபுளோரைடு அங்கேயேதான் இருக்கும். ஆய்வகத்தில் மின்முனை வைத்து அளப்பவர்கள் முதலில் ஒரு தாங்கல் கரைசலைச் சேர்த்து, அலுமினியத்தின் பிடியிலிருந்து ஃபுளோரைடை விடுவித்த பிறகுதான் அளப்பார்கள்.

ஓய்வு_பொறியாளர் எழுதியது:

தம்பி, நீர்க்குமிழி சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கெட்டில் என்ன நடந்தாலும் போரில் நடக்காது. போர் என்பது தொட்டி இல்லை. நீங்கள் மோட்டார் போட்டதும் பாறை வெடிப்புகளிலிருந்து புதுத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். நீங்கள் ஊற்றியது முதல் நாளே வெளியே போய்விடும்.

நம் ஊரில் ஃபுளோரைடு எங்கிருந்து வருகிறது? தொழிற்சாலையிலிருந்து இல்லை. பாறையிலேயே இருக்கிறது. பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அப்படைட் என்று கனிமங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி முழுக்க நைஸ், சார்னோகைட், கிரானைட் பாறைகள்தான். வெடிப்புக்குள் தண்ணீர் வருஷக்கணக்காகத் தங்கும்போது கனிமத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. ஆழம் போகப் போகத் தண்ணீர் பாறையோடு இருந்த காலமும் நீளம். பக்கத்துத் தோட்டத்து 80 அடிக் கிணற்றில் குறைவாகவும் உங்கள் போரில் அதிகமாகவும் இருப்பது பல ஊர்களில் பார்த்ததுதான்.

இது இன்று நேற்றுக் கதை இல்லை. 1937லேயே, அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் ஜனங்கள் முதுகு வளைந்து, கழுத்தைத் திருப்ப முடியாமல் இருந்ததற்குத் தண்ணீரில் உள்ள ஃபுளோரைடுதான் காரணம் என்று ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி மூவரும் எழுதினார்கள். அதே விஷயத்துக்குத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் திட்டத்துக்கு 2008ல் அடிக்கல் நாட்டினார்கள். 2013ல் தண்ணீர் வந்தது. அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடால் பல்லும் எலும்பும் கெடும் நோய்) தடுப்பு என்று இருக்கும்.

வெல்லக் கரைசலைப் போரில் ஊற்றுவது இன்னும் மோசம். குழாய்க்குள் கிருமிக்குச் சோறு போடுகிற வேலை. ஆக்சிஜன் தீர்ந்து தண்ணீர் நாறும், இரும்பு கரைந்து பழுப்பாக வரும். தயவுசெய்து வேண்டாம்.

பெட்ரித்தட்டு எழுதியது:

நான் நுண்ணுயிரியலில் ஆய்வு மாணவி. என் தலைப்பே ஃபுளோரைடு பாக்டீரியாதான், அதனால் இந்த இழையைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை.

பைக்கில் வந்தவரை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் "பாக்டீரியாவால் ஒன்றும் ஆகாது" என்று மொத்தமாக மூடிவிடுவது சரியில்லை சார். ஃபுளோரைடு அதிகமான ஊர்களின் போர் வாய்க்கால் மண்ணிலிருந்து நான் பிரித்தெடுத்த பாக்டீரியாக்கள் சோடியம் ஃபுளோரைடு கலந்த அகாரில் (கிருமி வளர்க்கும் கூழ்) நன்றாகவே வளர்கின்றன. அவற்றில் ஒன்றைக் குடுவையில் வளர்த்தபோது கரைசலில் ஃபுளோரைடு ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு குறைந்தது. ராஜஸ்தான் தண்ணீரிலிருந்து பிரித்த பாக்டீரியாக்களைப் பற்றியும் கட்டுரைகள் வந்திருக்கின்றன. பிறகு கால்சைட் (கால்சியம் கார்பனேட்) வழி இருக்கிறது. யூரியாவை உடைக்கும் ஸ்போரோசார்சினா போன்ற பாக்டீரியா கார்பனேட்டை உண்டாக்கும், கால்சியத்தோடு சேர்ந்து அது படியும், ஃபுளோரைடும் கூடவே படிவில் சிக்கும். சீனாவில் சியான் நகரத்துக் குழு ஒன்று அசினெட்டோபாக்டர் வகையை வைத்து நைட்ரேட், கால்சியம், ஃபுளோரைடு மூன்றையும் ஒரே நேரத்தில் குறைத்திருக்கிறது. இதெல்லாம் பொய்யா?

நீர்க்குமிழி எழுதியது:

பொய் இல்லை அம்மா. நான் கேட்கப்போவது வேறு. உங்கள் குடுவையைப் பற்றியே நாலு கேள்வி:

பாக்டீரியாவை வளர்த்த ஊடகத்தில் பாஸ்பேட்டும் கால்சியமும் இருந்தனவா? செல்லே போடாத குடுவை ஒன்றைக் கூடவே ஓட்டினீர்களா? ஆட்டோகிளேவில் (நீராவிக் கொதிகலன்) கொன்ற செல்லைப் போட்டுப் பார்த்தீர்களா? கடைசியில் படிந்த செல்லை எடுத்துச் சுத்தத் தண்ணீரில் போட்டால் ஃபுளோரைடு திரும்ப இறங்குகிறதா?

பெட்ரித்தட்டு எழுதியது:

முதல் மூன்றும் செய்திருக்கிறேன் சார். பாஸ்பேட் குறைத்த ஊடகம். செல் போடாததில் குறையவே இல்லை. கொன்ற செல்லில் கிட்டத்தட்ட உயிருள்ள செல் அளவுக்கே குறைந்தது. திரும்ப இறங்குகிறதா என்பதை இன்னும் பார்க்கவில்லை, அடுத்த வாரம் வைக்கிறேன்.

நீர்க்குமிழி எழுதியது:

நல்ல வேலை. பலர் கொன்ற செல்லைப் போட்டுப் பார்ப்பதே இல்லை.

ஆனால் அந்த முடிவு என்ன சொல்கிறது பாருங்கள். செத்ததும் உயிரோடிருப்பதும் ஒரே அளவு பிடிக்கிறது என்றால், பிடிப்பது செல்லின் மேல்தோல். உயிருக்கு அதில் பங்கு இல்லை. பாக்டீரியாவின் செல் சுவர், நம் தண்ணீரின் பிஎச் அளவில் பெரும்பாலும் எதிர்மின்னேற்றம் உள்ளது. ஃபுளோரைடும் எதிர்மின் அயனி. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். அதனால்தான் இந்தக் கட்டுரைகள் பலவற்றில் உயிர்ப்பொருளில் கால்சியம், அலுமினியம், சிர்கோனியம் என்று ஏதாவது உலோகத்தை ஏற்றியிருப்பார்கள். அந்த உலோகம்தான் பிடிக்கிறது. பாக்டீரியா அதைச் சுமக்கிற கூடை. அப்படியானால் அதைவிடச் சுலபமான கூடைகள் இருக்கின்றன. காந்திகிராமத்தில் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானில் இதையே செய்து பார்த்திருக்கிறார்கள்.

ஒரு கணக்கும் போடலாம். ஒரு கிராம் காய்ந்த செல் ஒரு மி.கி. ஃபுளோரைடைப் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். பாலக்கோட்டார் வீட்டில் ஒரு நாளைக்கு 20 லிட்டர் கேன் ஒன்று குடிக்கவும் சமைக்கவும். லிட்டருக்கு 2 மி.கி. குறைக்க வேண்டும், ஆக 40 மி.கி. அதற்கு 40 கிராம் காய்ந்த செல். குடுவையில் வளர்த்தால் லிட்டருக்கு ஒரு கிராம் வாக்கில் கிடைக்கும் என்று கொண்டால், 20 லிட்டர் தண்ணீரைச் சுத்தம் செய்ய 40 லிட்டர் கல்ச்சர் வளர்க்க வேண்டும். அந்த 40 லிட்டருக்கு நல்ல தண்ணீர் யார் கொடுப்பது?

சும்மா_வந்தவன் எழுதியது:

ஹா ஹா. சரி, அந்தக் கால்சைட் வழி? அது கொஞ்சம் உருப்படியாகத் தெரிகிறதே.

நீர்க்குமிழி எழுதியது:

பாக்டீரியா வழிகளில் அதுதான் சுவாரசியமானது, அதனால் நீட்டிச் சொல்கிறேன். மூன்று சிக்கல் இருக்கிறது.

கால்சியம் ஃபுளோரைடு கரையாத உப்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். கொஞ்சம் கரையும். வெறும் சுத்தத் தண்ணீரில் அதைப் போட்டு வைத்தாலே லிட்டருக்கு 8 மி.கி. வாக்கில் ஃபுளோரைடு கரைந்து நிற்கும். அதைவிடக் கீழே இறக்க வேண்டுமென்றால் தண்ணீரில் கால்சியத்தை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். தோராயக் கணக்கில், கால்சியம் லிட்டருக்கு 40 மி.கி. இருந்தால் ஃபுளோரைடு 3.5க்கு இறங்கும். 1.5க்கு வர கால்சியம் 200க்கு மேல் வேண்டும். 1க்கு வர ஏறக்குறைய 500. நம் நாட்டுக் குடிநீர்த் தரத்தில் கால்சியத்துக்கு 75 வரை நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 200 வரை போகலாம். ஃபுளோரைடுக்கு 1.0, வேறு வழியில்லாவிட்டால் 1.5. ஆக ஃபுளோரைடை இறக்கினால் தண்ணீர் கல்லாகக் கடினமாகிவிடும். தொழிற்சாலைக் கழிவில் நூற்றுக்கணக்கில் இருக்கும் ஃபுளோரைடைச் சுண்ணாம்பு போட்டு இறக்குகிறார்களே, அது அங்கே பலிப்பதும் கிணற்றில் பலிக்காததும் இதனால்தான். 3.2 என்பது நோய்க்கு அதிகம், வேதியியலுக்கு ரொம்பக் குறைவு.

கால்சைட் படியும்போது அதன் மேற்பரப்பிலும் கொஞ்சம் ஃபுளோரைடு ஒட்டும் என்பது உண்மை. அது கணக்கைக் கொஞ்சம் தளர்த்தும், மாற்றிவிடாது.

அடுத்தது யூரியா. ஒரு மூலக்கூறு யூரியாவை உடைத்தால் ஒரு கார்பனேட்டும் இரண்டு அம்மோனியமும் வரும். லிட்டருக்கு 100 மி.கி. கால்சைட் படிய 60 மி.கி. யூரியா, கூடவே 36 மி.கி. அம்மோனியம். நைட்ரஜன் கணக்கில் 28. குடிநீரில் அம்மோனியாவுக்கு அனுமதி 0.5. அது முழுக்க நைட்ரேட்டாக மாறினால் 124 மி.கி. ஆகும், நைட்ரேட்டுக்கு எல்லை 45. பல்லைக் காப்பாற்றப் போய்க் கைக்குழந்தையின் ரத்தத்தில் ஆக்சிஜனைக் குறைத்த கதையாகிவிடும்.

மூன்றாவது, இதைப் போருக்குள்ளேயே செய்தால் என்று யாராவது கேட்பார்கள். இதே பாக்டீரியாவைக் கான்கிரீட் விரிசலை அடைக்கவும் மணலை இறுக்கவும் பயன்படுத்துகிறார்கள். ஊற்றுக்கண்ணில் கால்சைட் படிந்தால் ஃபுளோரைடும் வராது, தண்ணீரும் வராது.

பெட்ரித்தட்டு எழுதியது:

யூரியா கணக்கு சரிதான், எங்கள் வழிகாட்டியும் அதைத்தான் முதலில் கேட்டார். ஆனால் சியான் குழுவின் வழியில் யூரியா கிடையாது சார். நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றும் பாக்டீரியா அது. நைட்ரேட்டைக் குறைக்கும்போதே காரத்தன்மை ஏறும், அந்தக் காரத்தில் கால்சியம் படியும். தோட்டத்துக்கு உரம் போடும் ஊர்களில் நைட்ரேட்டும் ஃபுளோரைடும் சேர்ந்தே இருக்கிற போர்கள் நிறைய. அங்கே இரண்டையும் ஒரே கட்டத்தில் பிடிக்க முடிந்தால் நல்லதுதானே?

நீர்க்குமிழி எழுதியது:

அது நியாயமான பேச்சு. அந்த வழியில் நான் எதிர்பார்ப்பு வைக்கிறேன், இரண்டு நிபந்தனையோடு.

பாக்டீரியாவுக்குக் கார்பன் உணவு கொடுக்க வேண்டும், மிஞ்சினால் அதையும் வடிகட்டிக் குளோரின் போட வேண்டும். அப்புறம் நம் பக்கத்து ஃபுளோரைடு தண்ணீரின் குணம் பாருங்கள். சோடியமும் பைகார்பனேட்டும் தூக்கலாக, கால்சியம் குறைவாக, பிஎச் எட்டை ஒட்டி இருக்கும். கால்சியம் இல்லாததால்தான் ஃபுளோரைடு கரைந்தே நிற்கிறது. அதில் படியவைக்கக் கால்சியத்தை நீங்கள்தான் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். கடினத்தன்மையும் ஃபுளோரைடும் சேர்ந்தே இருக்கும் தண்ணீருக்குப் பொருந்தும் முறை, பாலக்கோட்டுத் தண்ணீருக்கு அப்படியே பொருந்தாது.

எனக்குக் கேட்டால் கால்சைட்டை விட அப்படைட் பக்கம் போங்கள். கால்சியம் பாஸ்பேட்டில் சிக்கும் ஃபுளோரைடு அவ்வளவு லேசில் திரும்பக் கரையாது. மாட்டெலும்புக் கரி வேலை செய்வதும் அதனால்தான். கென்யாவில் நகூரு பகுதியில் அதை வைத்துத்தான் ஊருக்கு ஃபில்டர் செய்தார்கள். நம் ஊரில் மாட்டெலும்பில் வடிகட்டிய தண்ணீர் என்றால் பாதி வீட்டில் டம்ளரைக் கையில் வாங்க மாட்டார்கள், அது வேறு பிரச்சினை. பாஸ்பேட்டை வெளிவிடும் பாக்டீரியாக்கள் மண்ணில் நிறைய இருக்கின்றன. உங்கள் துறைக்காரர்கள் அங்கே தோண்டலாம்.

வவுனியாக்காரன் எழுதியது:

எங்கட பக்கமும் இதே கதைதான் அண்ணை. வவுனியா, அனுராதபுரம், பொலனறுவை எல்லாம் வறண்ட வலயம், அதே மாதிரியான பாறை. இலங்கைத் தரத்தில் எல்லை 1.0. சிறுநீரக நோய்க்கும் இந்தத் தண்ணீருக்கும் தொடர்பு இருக்குமோ என்ற பேச்சு பல வருஷமாக ஓடுகிறது, ஒற்றைக் காரணம் என்று ஒன்றும் உறுதியாகவில்லை. இப்போது ஊருக்கு ஊர் ஆர்ஓ நிலையம் வைத்திருக்கிறார்கள்.

அதற்கு முந்தி வீடுகளுக்குச் செங்கல் ஃபில்டர் கொடுத்தார்கள். புதிதாகச் சுட்ட செங்கல்லைச் சின்னச் சின்னத் துண்டாக உடைத்து ஒரு நீளக் குழாயில் நிரப்புவது. நடுவில் ஒரு மெல்லிய குழாய், தண்ணீர் அதில் கீழே இறங்கி, செங்கல்லுக்குள்ளால் மெதுவாக மேலே ஏறி வரும். செங்கல்லில் உள்ள அலுமினியம், இரும்பு ஆக்சைடுகள்தான் ஃபுளோரைடைப் பிடிக்கும். மலிவு, கரண்ட் தேவையில்லை. ஆனால் கொஞ்ச மாதத்துக்கு ஒருக்கா செங்கல்லை மாற்ற வேண்டும். எத்தனை வீட்டில் மாற்றினார்கள் என்று கேட்டால் எல்லோரும் வேறு பக்கம் பார்ப்பார்கள்.

ஓய்வு_பொறியாளர் எழுதியது:

வவுனியாத் தம்பி கையை வைத்த இடம்தான் சரியான இடம். நான் வேலையில் இருந்த காலத்தில் ஆக்டிவேட்டட் அலுமினா (ஃபுளோரைடைப் பிடிக்கும் அலுமினியம் ஆக்சைடு) ஃபில்டர் பொருத்திய கைபம்புகளைப் பார்த்திருக்கிறேன். அருமையான பொருள். சில மாதத்தில் அது நிறைந்துவிடும். காஸ்டிக் சோடாவில் கழுவி, அமிலத்தில் நடுநிலையாக்கித் திரும்ப வைக்க வேண்டும். அந்தக் கழுவிய கரைசலில்தான் ஃபுளோரைடு முழுக்கத் திரண்டு இருக்கும். அதைக் கிணற்று மேட்டிலேயே கொட்டினவர்களையும் பார்த்திருக்கிறேன். முறை எதுவானாலும் எடுத்த ஃபுளோரைடு எங்கேயாவது இருந்தாக வேண்டும். பாக்டீரியா என்றாலும் அதே சேறு, அதே கேள்வி. கிராமத்தில் அந்த வேலையை மாதாமாதம் யார் செய்வது என்பதற்கு பதில் இல்லாத எந்த முறையும் திறப்பு விழாவோடு முடிந்துவிடும்.

ஃபுளோரைடு இல்லாத தண்ணீரைக் கொண்டுவருவது, இருப்பதை எடுப்பதைவிட எப்போதும் சுலபம். ஒகேனக்கல் குழாய்க்கு அவ்வளவு செலவு செய்ததன் தர்க்கம் அதுதான்.

பெட்ரித்தட்டு எழுதியது:

பொறியாளர் ஐயா, அப்படியானால் ஆய்வே வேண்டாம் என்கிறீர்களா? குழாய் எட்டாத ஊர்களும் இருக்கின்றனவே. குழாய் எட்டியும் பாலக்கோட்டு அண்ணனுக்குத் தினமும் வரவில்லையே.

ஓய்வு_பொறியாளர் எழுதியது:

ஆய்வு வேண்டாம் என்று எங்கே சொன்னேன்? நன்றாகச் செய்யுங்கள். ஆய்வகத்தில் இருப்பதைப் பாக்கெட்டில் அடைத்து விற்பவன் மேல்தான் கோபம்.

நீர்க்குமிழி எழுதியது:

பாக்டீரியாவிடமிருந்து உடனடியாகக் கைக்கு எட்டக்கூடிய பலன் ஒன்று இருக்கிறது, யாரும் பேசாததால் சொல்கிறேன். எடுப்பதில் இல்லை, கண்டுபிடிப்பதில். மேலே ஃபுளோரைடை உணரும் ஆர்என்ஏ சுவிட்ச் என்றேனே, அதை மட்டும் எடுத்து, உயிருள்ள செல் எதுவும் இல்லாமல், உலரவைத்த ஒரு சின்னக் குழாய்க்குள் வைத்து, தண்ணீர் சொட்டினால் நிறம் மாறும் சோதனையாக அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜூலியஸ் லக்ஸ் குழு செய்தது. 2020ல் வெளிவந்தது, கோஸ்டா ரிகாவில் எரிமலைப் பக்கத்துத் தண்ணீரில் வைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு போருக்கும் அளவு மாறும் நம் மாவட்டங்களில், எந்தப் போர் நல்லது எது கெட்டது என்று ஊர்க்காரரே பார்த்துக்கொள்ள முடிந்தால் பாதி வேலை முடிந்தது. பைக்கில் வருகிறவர்களுக்கும் வேலை இருக்காது.

பாலக்கோட்டான் எழுதியது:

நிறையப் புரிந்தது, எல்லோருக்கும் நன்றி. பவுடர் வாங்கவில்லை. தெருவில் பணம் கொடுத்தவர்களிடம் இந்த இழையைக் காட்டினேன், ஒருத்தர் போன் போட்டுத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

இப்போது நான் என்ன செய்வது? ஆர்ஓ வைக்கலாம்தான், ஆனால் பக்கத்து வீட்டில் வைத்ததில் பாதித் தண்ணீருக்கு மேல் வெளியே போகிறது. கோடையில் எங்களுக்குத் தண்ணீரே முக்கால் மணி நேரம்தான் ஓடும். தண்ணீரைக் கொதிக்கவைத்தால் குறையுமா?

ஓய்வு_பொறியாளர் எழுதியது:

கொதிக்கவைத்தால் தண்ணீர் ஆவியாகும், ஃபுளோரைடு பாத்திரத்திலேயே நிற்கும், இன்னும் கூடும். யுவி விளக்கு, மணல் ஃபில்டர் எதுவும் இதைத் தொடாது.

உங்களுக்கு ஒகேனக்கல் தண்ணீர் விட்டு விட்டாவது வருகிறது. அதைக் குடிக்க மட்டும் என்று வைக்காமல், சமையலுக்கும் சேர்த்துப் பிடித்து வையுங்கள். சோறு, பருப்பு, குழம்பு எல்லாம் தண்ணீரோடு ஃபுளோரைடையும் உறிஞ்சிக்கொள்ளும். குளிக்க, துவைக்க, மாட்டுக் கொட்டகை கழுவ போர் தண்ணீர் போதும். போதாத நாளில் கலந்துகொள்ளலாம். காவிரித் தண்ணீரில் 0.4 இருக்கிறது என்று வைத்தால், ஒரு குடம் போர் தண்ணீருக்கு நாலு குடம் அது. கலவை 1க்குக் கீழே வரும். நாலு குடத்துக்குக் குறைந்தால் கணக்கு கெட்டுவிடும்.

அப்புறம் மழை. உங்கள் வீட்டு மொட்டை மாடி 100 சதுர மீட்டர் என்று வையுங்கள். வருஷத்துக்கு 800 மில்லிமீட்டர் மழையில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 64,000 லிட்டர் இறங்கும். ஐந்து பேர் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 25 லிட்டர் என்றால் வருஷத்துக்குப் பத்தாயிரத்துக்குள்தான். மூடிய தொட்டி ஒன்று கட்டினால் போதும். முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள்.

பெட்ரித்தட்டு எழுதியது:

சின்னவனுக்கு நாலு வயசு என்றீர்களே அண்ணா, நிரந்தரப் பற்களின் எனாமல் உருவாகிக்கொண்டிருக்கும் வயசு அது. ஏறக்குறைய எட்டு வயசு வரைக்கும் பல்லுக்கு அதுதான் முக்கியமான காலம். வீட்டில் எல்லோருக்கும் நல்ல தண்ணீர் போதவில்லை என்றால் முதல் குடம் அவனுக்கு. பெரியவளுக்கு விழுந்த வரி தண்ணீர் மாற்றினால் மறையாது, பல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆனால் எலும்புக்காக அவளும் நல்ல தண்ணீர்தான் குடிக்க வேண்டும். பால், கீரை, கேழ்வரகு என்று கால்சியம் கொஞ்சம் கூடட்டும். குழந்தைகளுக்குக் கறுப்புத் தேநீரைக் குறையுங்கள், தேயிலையிலேயே ஃபுளோரைடு இருக்கிறது.

பாலக்கோட்டான் எழுதியது:

சரிம்மா. பக்கத்துத் தோட்டத்துப் பழைய கிணறு ஒன்று, ஐயா சொன்ன மாதிரி எண்பது தொண்ணூறு அடி இருக்கும். அதையும் சோதித்துவிடலாம் என்று இருக்கிறேன். போன தடவை போர் தண்ணீரை ஒரு கண்ணாடி பாட்டிலில் எடுத்துக் கொடுத்தேன், அது பரவாயில்லையா?

நீர்க்குமிழி எழுதியது:

ஃபுளோரைடுக்கு எப்போதும் பிளாஸ்டிக் பாட்டில்தான், கண்ணாடி வேண்டாம். கிணற்றில் மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை இரண்டு மூன்று தடவை அலசிவிட்டு, ஒரு லிட்டர் நிரப்பி மூடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுக்கும்போது ஃபுளோரைடோடு நைட்ரேட், கால்சியம், காரத்தன்மை, பிஎச் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். திறந்த கிணறு என்பதால் கிருமிச் சோதனையும் வேண்டும், அதற்கு அவர்களே கிருமி நீக்கிய பாட்டில் கொடுப்பார்கள். போரிலும் புதிதாக ஒரு மாதிரி எடுத்துக் கூடவே கொடுத்துவிடுங்கள். ரிப்போர்ட் வந்ததும் இங்கே போடுங்கள், கலவைக் கணக்கைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

பெட்ரித்தட்டு எழுதியது:

அண்ணா, போர் மாதிரி எடுக்கும்போது எனக்கும் ஒரு பாட்டில் தனியாக எடுத்து வைக்க முடியுமா? அடுத்த மாதம் அந்தப் பக்கம் வருகிறேன். அந்தப் பவுடரிலும் ஒரு ஸ்பூன் யாரிடமாவது மிச்சம் இருந்தால் வேண்டும், தட்டில் போட்டுப் பார்க்கிறேன்.

பாலக்கோட்டான் எழுதியது:

பவுடர் நாலு பாக்கெட் இருக்குதும்மா. எத்தனை வேணும்?